மூன்று நாள் நீலகிரி: இரவு எங்கே தங்குவது?

பங்குனி கழிந்து சமவெளியில் வெயில் உக்கிரம் கொள்ளத் தொடங்கியதும், குன்னூர்ப் பக்கத்தில் பல வருஷங்களாக வாசம் செய்துவரும் என்னைப் போன்றவர்களிடம், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினரும் சிநேகிதரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். சென்ற வாரம் திருச்சியிலிருந்து என் சித்தப்பா மகள் கேட்டதும் அதுதான். “அண்ணா, மூணு நாள் லீவு கிடைச்சிருக்கு; பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கிட்டு வரோம். ஊட்டி டவுன்லயே ரூம் போட்டுடட்டுமா, இல்லை எஸ்டேட் பக்கம் எங்கேயாவது தங்கலாமா?”

கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், வருஷத்தில் ஒரு தடவை மூன்றே நாள் ஓய்வு கிடைக்கும் குடும்பத்துக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. அறைக்குக் கொடுத்த பணத்தையாவது அடுத்த வருஷம் சம்பாதித்துக்கொள்ளலாம். வீணான மூன்று நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்தப் பக்கத்து மனிதன் என்ற முறையிலும், ஒரு காலத்தில் சமவெளியிலிருந்து விருந்தாளியாக ஏறி வந்தவன் என்ற முறையிலும், இதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. நகரம் பகல் வேளையில் தன்னை முழுவதும் காட்டிவிடுகிறது. தேயிலைச் சரிவும் அதன் நடுவிலுள்ள சிற்றூரும் இரவு தங்கி விடியலில் எழுந்தவனுக்கே தம்மைக் காட்டுகின்றன. ஆகையால் பகல்களில் ஒன்றை உதகைக்குக் கொடுங்கள், இரவுகளைக் கிராமத்துக்குக் கொடுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லிவருவது.

முதன்முதலாக நான் இந்த மலைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். மே மாதம், நகரத்தின் நடுவில் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கினோம். அந்த நாட்களைப் பற்றி இன்று என் நினைவில் எஞ்சியிருப்பது படகு சவாரிக்காக வெயிலில் நின்ற நீண்ட வரிசையும், எங்கள் வண்டிக்கு முன்னால் நகராமல் நின்ற பேருந்தின் முதுகும்தான். இறங்கி வரும் வழியில், அருவங்காட்டைத் தாண்டிய பிறகு, வாடகை வண்டி கோளாறாகிச் சாலையோரத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. அப்பா டிரைவரோடு நின்றுகொண்டிருக்க, என் தாயார் எங்களை அழைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளின் ஓரம்வரை நடந்தாள். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கைகள் நில்லாமல் இயங்க, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்து, ஒரு கொழுந்தைக் கிள்ளி என் கையில் கொடுத்துக் கசக்கி முகரச் சொன்னாள். பச்சிலை வாசனைதான் வந்தது, டீ வாசனை வரவில்லை; “அது ராத்திரியிலே ஃபாக்டரியிலேதான் வரும் தம்பி” என்றாள். நீலகிரி என்றால் என் தாயார் கடைசிவரை பேசியது அந்த அம்மாளைப் பற்றித்தான். வண்டி கெட்டதனால் கிடைத்த ஒரு மணி நேரம், திட்டமிட்ட மூன்று நாளைக் காட்டிலும் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

நகரமா நாட்டுப்புறமா என்ற இந்தச் சஞ்சலம் நமக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் மாநகரில் வேலை பார்க்கும் என் மருமான், ஊரிலிருந்து நான்கு நாள் அவகாசத்தில் வருகிற பெற்றோரைப் பாரிஸிலேயே வைத்துக்கொள்வதா, லுவார் நதிக்கரைக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்வதா என்று தெரியாமல் திண்டாடியதைச் சொல்லியிருக்கிறான். பிரெஞ்சு தேசத்தில் 1936-ஆம் வருஷம், தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கினார்கள். அதுவரை கடலையும் மலையையும் படத்தில் மட்டும் பார்த்திருந்த எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கோடையில் ரயிலேறின. பிறகு, யுத்தத்துக்குப் பிந்திய வருஷங்களில், குடியானவர்கள் தங்கள் வீட்டின் ஒரு பகுதியைச் செப்பனிட்டு நகரத்து விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வழக்கம் வளர்ந்து, 1955-இல் ‘கீத் த பிரான்ஸ்’ என்ற பெயரில் தேசமெங்கும் பரவிய ஓர் அமைப்பாகவே உருக்கொண்டது. விருந்தாளிக்குக் குறைந்த செலவில் கிராமத்து வாழ்வு கிடைத்தது. ஆட்கள் நகரத்துக்குப் போய்விட வெறிச்சோடிக் கிடந்த வீடுகளுக்கு வருமானம் கிடைத்தது.

ஆனால் பிரான்ஸில் இல்லாத ஒரு சௌகரியம் இங்கே நமக்கு உண்டு. பாரிஸிலிருந்து லுவார் பக்கத்துத் தூர் நகருக்குப் போக 200 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றில் பெரும் பகுதியை விட்டுவிடத்தான் வேண்டும். நீலகிரியிலோ குன்னூரிலிருந்து உதகை 20 கிலோமீட்டருக்கும் குறைவு. குன்னூரிலிருந்து கோத்தகிரி ஏறக்குறைய அதே தூரம். கோத்தகிரியிலிருந்து உதகை 30 கிலோமீட்டர் அளவு. இந்த முக்கோணத்தின் எந்த மூலையில் படுத்து எழுந்தாலும் மற்ற இரண்டு மூலைகளும் ஒரு பகலுக்குள் அடங்கிவிடும். எனவே இங்கே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கவலைப்படவேண்டியதில்லை. விளக்கணைத்த பின் எந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு தூங்குவது, கதவைத் திறந்ததும் எது கண்ணில் படவேண்டும் என்பதே கேள்வி.

சரித்திரத்தைப் பார்த்தாலும் கிராமமே முந்தியது. 1819-ஆம் வருஷம் கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் இந்த மலைமேல் ஏறி வந்தபோது, இன்றைய உதகையில் அல்ல, கோத்தகிரியை அடுத்த திம்பட்டிப் பக்கத்தில்தான் முதலில் கூடாரமடித்தார். அந்த வருஷத்துப் பிரயாணத்தில் அவரோடு வந்தவர்களில் ஒருவர், புதுச்சேரியிலிருந்துகொண்டு தாவர ஆராய்ச்சி செய்துவந்த லெஷனோ த லா தூர் என்ற பிரெஞ்சு இயற்கை விஞ்ஞானி. நோயால் நலிந்திருந்த அவர் இந்த மலைக் காற்றில் உடல் தேறினார் என்பது அக்காலத்துக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. சல்லிவன் அங்கே எழுப்பிய பெத்தக்கல் பங்களா, பாழடைந்து கிடந்து, பின்பு புதுப்பிக்கப்பட்டு, இன்று கன்னேரிமுக்கில் அவர் நினைவு இல்லமாக நிற்கிறது. உதகையில் தோதவர் மேய்ச்சல் நிலத்தை வாங்கி அவர் ‘கல் பங்களா’வைக் கட்டத் தொடங்கியது 1822 வாக்கில், ஓடைக்கு அணை கட்டி ஏரியை உண்டாக்கியது அதற்கு அடுத்து. 1870 முதல் சென்னை மாகாண சர்க்கார் கோடைதோறும் தன் கச்சேரிகளோடு உதகைக்கு ஏறி வரலாயிற்று. இவ்விதமாக, கோத்தகிரிச் சிற்றூரில் தொடங்கிய ஒரு மனிதனின் மலைவாசம், ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் ஓர் அரசாங்கத்தின் கோடைத் தலைநகரமாக முடிந்தது.

உதகையை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்நகரத்துக்கென்று தனியான ஒரு கம்பீரம் உண்டு. ஒரு முழுப் பகலை அதற்குக் கொடுக்காமல் மலையிறங்குவது பிழை. 1848-ஆம் வருஷம் வில்லியம் கிரகாம் மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் 22 ஹெக்டேர் விஸ்தீரணத்தில் படிப்படியாக ஏறிச் செல்கிறது. அங்கே 2 கோடி வருஷம் பழமையானதென்று சொல்லப்படும் கல்லாகிப்போன ஒரு மரத்துண்டைக் காணலாம். பெரும்பாலோர் கீழேயுள்ள புல்வெளியோடு திரும்பிவிடுகிறார்கள். முழங்கால் இடம் கொடுப்பவர்கள் பூங்காவின் உச்சிவரை நடந்து, அங்கே மந்து என்று வழங்கும் தோதவர் குடியிருப்பைத் தூரத்தில் நின்று மரியாதையோடு பார்த்துவர வேண்டும். இந்த நிலத்துக்குப் பூர்விக உரிமை கொண்டாடக்கூடிய ஜனங்கள் அவர்கள்; அவர்களுடைய கோயில் வேடிக்கைப் பொருள் அல்ல. 1830 வாக்கில் எழுந்த புனித ஸ்தேவான் ஆலயத்தின் பெரும் மர உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் மாளிகையிலிருந்து மலைமேல் ஏற்றப்பட்டவை என்பது பிரசித்தம். மலர்க் கண்காட்சியின் நூறாவது வருஷத்தை ஒட்டி 1995-இல் அமைந்த ரோஜாப் பூங்கா, 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் சிறப்பு விருது பெற்றது. இவை எல்லாம் பகலில் திறந்து மாலையில் அடைக்கப்படும் ஸ்தலங்கள் என்பதைக் கவனியுங்கள். காலை ஒன்பது மணிக்கு நகரத்துக்குள் நுழைந்தவன், மாலை ஐந்துக்குள் இவற்றை நிதானமாகப் பார்த்து, நகராட்சிச் சந்தையில் காரட்டும் பீட்ரூட்டும் மலைப்பூண்டும் வாங்கி, சுடச்சுட வர்க்கி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட முடியும். அதற்குப் பிறகு, சேரிங்கிராஸ் நாற்சந்தியில் வண்டிகளின் விளக்கு வரிசையைத் தவிர, இரவு தங்குகிறவனுக்கு நகரம் புதிதாகக் கொடுப்பது மிகக் குறைவு.

இனி, இரவு தங்குவதற்குரிய இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தைப் பகலில் சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பச்சைக் கம்பளமாகத் தெரியும்; நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது ஒரு தொழிற்சாலையின் முற்றம் என்பதும், அந்தத் தொழிற்சாலையின் கடிகாரம் நம்முடைய கடிகாரத்தோடு ஒத்துப்போகாதது என்பதும் அங்கே தங்கினால்தான் புரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் காலை முதல் பறித்த கொழுந்து, நிறுவையாகி, மாலைக்குள் ஃபாக்டரிக்கு வந்து சேர்கிறது. வந்தவுடன் அதை அரைத்துவிட முடியாது. நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, இரவு முழுவதும் வாடவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரமோ, ஈரம் மிகுந்த நாட்களில் அதற்கு மேலுமோ வாடிய பிறகுதான் உருளைகளுக்கிடையே நசுக்குவதும், விரித்துப் போட்டுச் செம்பு நிறத்துக்குப் பதப்படுத்துவதும், சூட்டில் உலர்த்துவதும் நடக்கின்றன. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. நாம் டீ வாசனை என்று சொல்வது இந்தப் பக்குவத்தில் பிறக்கிறதே தவிர, செடியில் இல்லை. சிறு வயதில் அந்த அம்மாள் எனக்குச் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பின்னிரவில் விழித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பவனுக்குப் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒரேயொரு கட்டடம் மட்டும் விளக்கெரிய நிற்பதும், அதிலிருந்து இயந்திரத்தின் தணிந்த முழக்கமும், குளிர்ந்த காற்றோடு கலந்து வரும் அந்த மணமும் கிடைக்கும். உதகையில் எவ்வளவு உயர்ந்த ஹோட்டலில் தங்கினாலும் இது கிடைக்காது.

விடியலின் விசேஷம் வேறு. பள்ளங்களில் பஞ்சுபோல் படிந்திருக்கும் மூடுபனி, வெயில் ஏற ஏற, சில்வர் ஓக் மரங்களின் நுனியை முதலில் விடுவித்து, பிறகு செடி வரிசைகளை விடுவித்து, கடைசியில் ஊர்க்கூரைகளை விடுவிக்கும். தலைமுண்டாசும் இடுப்பில் கட்டிய படங்குமாகப் பெண்கள் வரிசையாகச் சரிவில் இறங்குவார்கள். இங்கே பெரிய எஸ்டேட்டுகள் மட்டுமின்றி, ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் படகர் சமூகத்தினர். ஹட்டி என்று அவர்கள் அழைக்கும் ஊர்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். தங்களுக்குள் படக மொழி பேசுவார்கள், நம்மோடு தமிழ் பேசுவார்கள். 1964-ஆம் வருஷத்து ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களின் குடும்பங்களும் இந்தச் சரிவுகளில் வாழ்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கத்தோடு அரசாங்கம் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களே இன்று டான்டீ என்று வழங்கும் கழகமாக இருக்கின்றன. சிறு விவசாயி ஒருவரின் வீட்டில் இரண்டு இரவு தங்கி, காலையில் அவர்கள் போட்டுக் கொடுக்கும் தேநீரைத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கும்போது, பசுந்தேயிலைக்கு இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்ற பேச்சு தானாக வரும். அந்த விலை பல வருஷங்களாக இவர்களுடைய துயரமாக இருந்துவருகிறது. நாம் தினம் இரு வேளை குடிக்கும் பானத்தின் பின்னால் இருக்கும் வாழ்க்கையை இவ்வளவு கிட்டத்தில் அறிந்துகொள்ள வேறு வழி இல்லை. அறை வாடகை அந்த வீட்டுக்கே நேராகப் போய்ச் சேர்கிறது என்பதையும் நான் ஒரு முக்கியமான காரணமாகவே கருதுகிறேன்.

குன்னூரா கோத்தகிரியா என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். சிம்ஸ் பூங்காவும் பாஸ்டர் நிலையமும் ரயிலும் உள்ள குன்னூர், சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வருகிறவர்களுக்குச் சௌகரியம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்க, குன்னூர் சுமார் 1,850 மீட்டரில் இருப்பதால் குளிர் அவ்வளவு கடுமையாக இராது. மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கு இந்த 400 மீட்டர் வித்தியாசம் இரவில் நன்றாகத் தெரியும். கோத்தகிரி இன்னும் அமைதியானது. தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே மதில்போல் நிற்பதால் ஆடி ஆவணியின் தென்மேற்குப் பருவமழை அங்கே வலுவிழந்தே வருகிறது. உதகை நனைந்து நடுங்கும் நாட்களில் கோத்தகிரியில் வெயில் காய்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். லாங்வுட் சோலையின் இருண்ட பழங்காடும், கேத்தரின் அருவியும், மாயாற்றுப் பள்ளத்தாக்கைக் காட்டும் கோடநாடு முனையும் அந்தப் பக்கத்தில் உள்ளன. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இரண்டு ஊர்களிலும் வடகிழக்குப் பருவமழை பலமாக இறங்கும். 2009 நவம்பரில் அப்படி இறங்கிய மழையில் இம்மலையில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதனால் அந்த மாதங்களில் மலையேற்றத்தைத் தவிர்ப்பதே விவேகம். எந்த மாதமானாலும், சரிவைச் செங்குத்தாக வெட்டி அதன் அடியில் கட்டிய விடுதியில் தங்காமல் இருப்பதும், முறையாகப் பதிவு பெற்ற வீடுதானா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

நகரத்திலேயே தங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்திச் சிற்றூருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் அரசுப் பேருந்தை நம்பி வருகிறவர்கள், இரவு நேரத்தில் மலையேறி வந்து சேர்கிறவர்கள், எந்த நேரமும் பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டிய நோயாளியை அழைத்து வருகிறவர்கள், மே மாதத்து மலர்க் கண்காட்சிக்காகவே வருகிறவர்கள் ஆகியோருக்கு உதகைதான் சரி. மார்கழி தை மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தல் பக்கத்துப் புல்வெளிகளிலும் விடியற்காலை உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் உதகையில் ஓர் இரவாவது கழிக்க வேண்டும். சூரியன் ஏறிய பின் போனால் வெறும் ஈரப் புல்தான் இருக்கும்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் நீலகிரியைப் பற்றி எழுத முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-லும் உதகைவரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்த மலை ரயில், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறது. இயந்திரத்தின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளும். மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். முழுப் பிரயாணத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மூன்றே நாள் உள்ளவர்கள் அதில் ஒரு நாளின் பாதியைச் செலவிடுவதா என்று தயங்குவார்கள். தயக்கத்துக்கு இடமில்லாத வழி ஒன்று உண்டு. குன்னூர்ப் பக்கம் தங்கியவர்கள், உதகைக்கென்று ஒதுக்கிய பகலில், வண்டியை விட்டுவிட்டுக் குன்னூர் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போகலாம். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஃபெர்ன்ஹில் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் அந்த ரயில், கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் பாத்திகளையும் அடுக்கடுக்கான ஊர்களையும் ஜன்னலில் விரித்துக் காட்டிக்கொண்டே போகும். உதகையில் வண்டி நிறுத்த இடம் தேடும் துன்பமும் இல்லை. பற்சட்டப் பாதையைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், வரும் நாளிலேயே மேட்டுப்பாளையத்தில் அதிகாலை ரயிலேறிக் குன்னூரில் இறங்கிக்கொள்ளட்டும். காட்டின் அழகு முழுவதும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இடம் கிடைப்பது அரிது என்பதால் தேதி நிச்சயமான அன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

ஒரு நாள் உதகை போனால், மீதி இரண்டு நாளில் முதுமலை, அவலாஞ்சி, மேல்பவானி, பைக்காரா, கூடலூர் எல்லாவற்றையும் ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் வேண்டாம். முதல் நாள் களைப்பாற வேண்டும். இரண்டாவது நாளை உதகைக்குக் கொடுத்துவிட்டால், மூன்றாவது நாள் லாம்ஸ் ராக்கும் டால்பின் மூக்கும், அல்லது கோத்தகிரிச் சோலையும் கோடநாடும், இவற்றில் ஒரு பக்கம் போதும். இரவுக்கு இரவு அறை மாற்றி மூட்டை கட்டுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த வேலையில் தாய்மார்களுக்கு விடுமுறை என்பதே இல்லாமல் போய்விடுகிறது.

சிற்றூரில் தங்குகிறவர்களுக்குச் சில கடமைகளும் உண்டு. இருட்டிய பிறகு தேயிலைச் செடிகளுக்கிடையே உலாவப் போகாதீர்கள்; காட்டுமாடும் கரடியும் சாதாரணமாக நடமாடும் வேளை அது. காட்டுமாடு பகலில் சாலையோரம் மேய்ந்தாலும் பசுவைப் போல நினைத்து நெருங்கக் கூடாது. பலாப் பழுக்கும் மாதங்களில் பர்லியார்ப் பக்கத்திலும் குஞ்சப்பனைப் பக்கத்திலும் யானைகள் சாலைக்கு வரும்; ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதே முறை. கொழுந்து வளர்ந்த செடிகளுக்குள் கேட்காமல் நுழைந்து படமெடுப்பது, நெல் வயலில் இறங்கி மிதிப்பதற்குச் சமம். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்கும் சிறு தண்ணீர்ப் புட்டிக்கும் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் கூஜா ஒன்று கொண்டுவந்தால் தீர்ந்தது. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்பும் ஒருவழி ஏற்பாடு வழக்கமாக உண்டு என்பதையும் மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வண்டிகளின் பாரத்தை இந்த மலை தாங்கவில்லை என்பதைச் சென்னை உயர்நீதிமன்றமே கவனித்து, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்கும்படி செய்தது. 2025 ஏப்ரல் முதல், கோடை மாதங்களில், வார நாட்களில் 6,000 வண்டிக்கும் வார இறுதியில் 8,000 வண்டிக்கும் மேல் வரக் கூடாது என்று வரம்பும் விதித்தது. அப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே நகரத்தின் ஒரே நாற்சந்தியை நோக்கித்தான் போகின்றன. சித்தப்பா மகளிடம் நான் சொன்னதையே வாசகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இ-பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது, எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று கேட்பார்கள். தங்குமிடம் என்ற அந்தக் கட்டத்தில், குன்னூரையோ கோத்தகிரியையோ அடுத்த ஒரு சிற்றூரின் பெயரை எழுதுங்கள்.